படிவத்தில் இடமில்லாத மீன்

ராத்தா தோட்டத்துத் துரவுக் கிணற்றின் படியில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, “ஊத்துறதெண்டா என்ட தலையில ஊத்து” என்றாள்.

என் தோளில் எண்ணெய்த் தகரம் தொங்கியது. கறுப்பு எண்ணெய். காலையிலிருந்து சுமந்ததில் தோள்பட்டை எரிந்தது. காற்சட்டையிலும் எண்ணெய், நகக்கண்ணிலும் எண்ணெய். 

“தள்ளு ராத்தா. இது கவர்மெண்டு உத்தரவு.”

“உள்ளுக்கு மீன் இருக்குடா. நுளம்புப் புழுவ அதுகள் திண்டுக்கொண்டுதானே இருக்கு. நீ என்னத்துக்கு ஊத்தப் போறாய்?”

“மீனுக்கு ஒண்டும் ஆகாது.”

அது பொய். அன்று காலையில் மட்டும் மூன்று துரவுகளில் மீன் மல்லாந்து மிதந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் வந்திருந்தேன்.

ராத்தா என் மூத்த சகோதரி. ஐந்து வயது மூத்தவள். உம்மா மௌத்தான பிறகு எனக்குச் சோறாக்கிப் போட்டு ஆளாக்கியவள். அவளுடைய வாய்க்குப் பயப்படாதவர்கள் குறிஞ்சிப்பிட்டியில் குறைவு. ஆனால் அன்று அவள் வாயை மூடிக்கொண்டு விலகினாள். எனக்குப் பயந்து அல்ல. வேலிக்கு அப்பால் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். தம்பிக்கு முதன்முதலாகக் கிடைத்த அரசாங்க வேலை தன்னால் போய்விடக் கூடாது என்று விலகினாள்.

நான் ஊற்றினேன். தண்ணீரின் மேல் எண்ணெய் பல நிறத்தில் விரிந்தது. மேல்படியில் உட்கார்ந்திருந்த அவளுடைய மகள் ஹலீமா, “வடிவா இருக்கு மாமா” என்றாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே மீன்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன.

மிதக்கிற தண்ணீர்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “வயது போயும் உங்களுக்குக் கோபம் குறையவில்லையே” என்று கேட்கிறார். குறையவில்லை, ஐயா. இந்த வாரம் இன்னும் கூடத்தான் போகிறது. விருப்பமில்லாவிட்டால் சமையல் குறிப்புப் பக்கத்துக்குத் திரும்பிக்கொள்ளுங்கள்.

துரவு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தளத்துக் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற மணல் நிலத்தில் இருக்கிறது எங்களூர். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். ஆனால் மணலை ஆறேழு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அப்படித் தோண்டி, குடத்தோடு இறங்கி ஏறப் படி வெட்டிய தோட்டக் கிணறுதான் துரவு. புகையிலைக்கும் மிளகாய்க்கும் அதில்தான் அள்ளி ஊற்றுவோம். குடிக்கிற கிணறு வேறு. அதற்குக் கட்டும் மூடியும் உண்டு.

மிதக்கிற தண்ணீரை அளவோடுதான் எடுக்க வேண்டும். ஆசைப்பட்டு ஒருவன் கூடுதலாக இறைத்தால், அவனுடைய துரவு மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்துத் துரவும் உவர்ந்துவிடும். ஆகவே எங்களூரில் ‘என்ட தண்ணி’ என்று யாரும் உரத்துப் பேசுவதில்லை. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. மிளகாய்ச் செடி கருகிச் சொல்லித் தந்தது.

புதிதாகத் துரவு வெட்டினால் முதல் வேலை மீன் விடுவது. விரல் நீளம்கூட வராத சின்ன மீன். தலையின் மேல் வெள்ளியாக ஒரு பொட்டு. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும். அதைக் குளத்தில் பிடித்து வருவது வழக்கமில்லை. அடுத்த தோட்டத்துக்குப் போய், ஸலாம் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாதவன் வந்து கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

இப்படிக் கைமாறிக் கைமாறி, ஊரிலுள்ள துரவு மீன்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்களாகிவிட்டிருந்தன. மீன் விட்ட துரவில் நுளம்புப் புழு நெளிந்து நான் பார்த்ததில்லை.

“நம்மட பொடியன்தானே”

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். களப்புக்கு அப்பால் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாம் ஒன்று வந்திருந்தது.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் மலேரியாக் குளிர்காய்ச்சல் நாட்டையே வாரிக்கொண்டு போயிருந்தது. உள்நாட்டில் குழி தோண்ட ஆளில்லாமல் தவித்த ஊர்களைப் பற்றி வண்டிக்காரர்கள் வந்து சொல்வார்கள். எங்களூரில் அவ்வளவு இல்லை. ஏன் இல்லை என்று எந்த அரசாங்கக் கந்தோரிலிருந்தும் ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராத்தா சொல்லியிருப்பாள். ஆனால் முகாமில் நாலு சிப்பாய்கள் போர்வைக்குள் நடுங்கியதும் எல்லாரும் ஓடோடி வந்தார்கள்.

காய்ச்சல் ஒழிப்புக்கென்று ஒரு துரை வந்தார். பெயர் வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்காவது நல்ல மனிதர்களாக இருக்கக் கூடும். அவரிடம் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. திறந்து கிடக்கிற தண்ணீருக்கெல்லாம் அதில் நீலப் புள்ளி. தண்ணீர் இருந்தால் நுளம்பு, நுளம்பு இருந்தால் எண்ணெய். அவ்வளவுதான் அவருடைய படிப்பு. அந்தத் தண்ணீருக்குள் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று அந்த வரைபடம் கேட்கவில்லை.

ஏழாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவன் என்று என்னை எண்ணெய் ஓவசியராக எடுத்தார்கள். படிப்புக்காக எடுத்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை. இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். வெளியூர்க்காரன் தகரத்தோடு வந்திருந்தால் எங்களூரார் பாதித் துரவுகளை ஒளித்திருப்பார்கள், மேலே ஓலையைப் போட்டு மூடியிருப்பார்கள். போனது நானென்பதால், “நம்மட பொடியன்தானே, பொடியனுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடா” என்று வேலிப் படலையைத் திறந்துவிட்டார்கள். தாழம்பற்றைக்குப் பின்னால், வரைபடத்திலேயே இல்லாத ஒரு துரவு கிடந்தது. அதன் சொந்தக்காரர் என் கையைப் பிடித்து வழிகாட்டிக் கூட்டிப் போய், ஊற்றி முடியும்வரை குடை பிடித்து நின்றார். போகும்போது இளநீரும் வெட்டித் தந்தார்.

ஊர் செய்த பிழை அது ஒன்றுதான். என்னை நம்பியது.

கட்டங்கள்

ஒவ்வொரு துரவுக்கும் ஒரு படிவம். துரவின் இலக்கம், அகலம், ஆழம், ஊற்றிய அளவு, நாள். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ராத்தாவின் துரவுக்குப் படிவம் நிரப்பிய அன்று மட்டும் மனம் கேட்கவில்லை. ஓரத்தில் பென்சிலால், ‘மீன் உண்டு. புழு இல்லை’ என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். பிறகு அழிறப்பரை எடுத்து, கடதாசி கிழியாமல் பொறுமையாக அழித்தார்.

“கேட்டதுக்கு மட்டும் மறுமொழி எழுதும் காணும்” என்றார்.

நான் மறுபடி எழுதவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். எழுதாமல் விட்டு ஊரைக் கெடுத்தவன் நான்.

தவளையும் போனது

மீனுக்குப் பிறகு தவளைகள் போயின. மழை இருட்டினால் காதடைக்கக் கத்துகிறவை, அந்த வருடம் ஒன்றும் கத்தவில்லை. தவளை இல்லாத தோட்டத்தில் வெட்டுக்கிளிக்கும் வண்டுக்கும் ராச்சியம். இளம் மிளகாய்க் கன்றுகளை அடியோடு அறுத்துப் போட்டன. எண்ணெய் கலந்த தண்ணீரை அள்ளி ஊற்றிய பாத்தியில் மிச்சமிருந்த இலைகளும் சுருண்டன. துரவு மேட்டில் நாள்தோறும் வந்து குந்துகிற மீன்கொத்தியையும் காணவில்லை.

ராத்தா அறுந்து கிடந்த கன்றுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். “ஒண்டக் கொண்டா அது தனியாவா சாகுது? கூட எத்தினயக் கூட்டிக்கொண்டு போகுது, பாத்தியா?”

“நுளம்பு குறஞ்சிருக்குத்தானே” என்றேன். 

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு வாரம் தவறாமல் ஊற்றியவரை நுளம்பு குறைவாகத்தான் இருந்தது. துரை அதைத்தான் மேலிடத்துக்கு எழுதினார், அதற்காகப் பாராட்டும் வந்ததாம்.

பிறகு முகாம் இடம் மாறியது. சண்டைக்கு எண்ணெய் போதவில்லை என்றார்கள். ஒரு வாரம் எண்ணெய் வரவில்லை. மறு வாரமும் வரவில்லை. மாரி மழை கொட்டி, துரவுகளின் மேல் படர்ந்திருந்த கறுப்பைக் கழுவிக்கொண்டு போனது. தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிந்தது. எண்ணெயும் இல்லை, மீனும் இல்லை. பத்து நாளில் ராத்தாவின் துரவில் நான் குனிந்து பார்த்தபோது, தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

ஹலீமாவின் நடுக்கம்

முதலில் பக்கத்துத் தோட்டத்துக் கதீஜாவின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு நாலு பிள்ளைகள். அடுத்த கிழமை ஹலீமாவுக்கு.

பாயில் கிடந்து அவள் நடுங்கிய நடுக்கத்தில் பக்கத்திலிருந்த செம்பு அதிர்ந்தது. மூன்று சாக்கைப் போர்த்தினோம். பிறகு உடம்பு கொதித்து, போர்த்தியதையெல்லாம் உதைத்துத் தள்ளினாள். அடங்கியது என்று நினைத்தோம். ஒரு நாள் விட்டு மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்தபோது ராத்தாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்போத்திக்கரி ஐயாவிடம் ஓடினேன். அவர் காய்ச்சல் மருந்தான கொயினாப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் இல்லை. கொயினா வருகிற தேசத்தைப் பகைவன் பிடித்துவிட்டான், இருப்பதெல்லாம் பட்டாளத்துக்குத்தான் போகிறது என்றார். எங்கோ ஒரு தீவில் யாரோ கொடியை மாற்றினால், குறிஞ்சிப்பிட்டியில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மருந்தில்லை. இந்தச் சங்கிலியெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஹலீமாவுக்கு மருந்து வேண்டும். ஊரில் மற்றப் பிள்ளைகளுக்குத் துரவில் மீன் வேண்டும். ஒரு மண் முட்டியைத் தூக்கிக்கொண்டு வேலி வேலியாகப் போனேன். ஸலாம் சொன்னேன். மீன் கேட்டேன். இல்லை என்று சொல்லக் கூடாத ஊரில், வீடு வீடாக இல்லை என்றார்கள்.

கதீஜாதான் கடைசியில் சொன்னாள். “எங்க தம்பி இருக்கும்? நீதானே எல்லாத்துக்கும் ஊத்தின.”

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். தாழம்பற்றைத் துரவையும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் புழுதான்.

ஹலீமாவின் வாப்பா, என் மச்சான், உச்சமுனையில் வாடிக் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்தி அனுப்பினோம். அவர் வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்ததும், நான் துரையிடம் மருந்து கேட்கப் புத்தளத்துக்கு வள்ளம் ஏறினேன்.

தாமரைத் தொட்டி

காற்று எதிர்த்ததால் வள்ளம் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. கந்தோர் பூட்டியிருந்தது. துரையின் பங்களாவுக்கே போனேன்.

முன்வாசலில் சீமெந்துத் தொட்டி ஒன்று. தாமரை பூத்திருந்தது. இலைகளுக்கு நடுவே சிவப்பு மீன்கள். அவற்றோடு, தண்ணீரின் மேல்மட்டத்தில், தலையில் வெள்ளிப் பொட்டோடு என் மீன்கள். கூட்டமாக, கொழுகொழுவென்று.

தொட்டியோரத்தில் குந்தி, தண்ணீரில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன்.

தோட்டக்காரர் சூசை, சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர், மண்வெட்டியோடு வந்தார். “என்ன தம்பி, மயக்கமா?”

“இந்த மீன்?”

“நான்தான் வாய்க்காலில புடிச்சி உட்டன். நுளம்புக்கு நல்லம்.”

“இதுக்கு எண்ணெய் ஊத்தல்லையா?”

“ஐயோ, இதுக்கு ஊத்த வேணாமெண்டு தொரை சொல்லிப்போட்டார். ஊத்தினா அவர்ட பொஞ்சாதி நோனாட செவப்பு மீன் செத்துப்போகுமாம்.”

ஊருக்கு உபதேசம் என்று சொல்வதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. நான் படியேறினேன். துரை விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்தார். இங்கிலீஷில் கேட்டேன், நாக்கு குழறக் குழற.

“ஐயா, உங்கள் தொட்டிக்கு ஏன் எண்ணெய் ஊற்றவில்லை?”

அவர் கோபிக்கவில்லை. பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார். “அதில் மீன் இருக்கிறதே. மீன் புழுவைத் தின்றுவிடும். மீன் இருக்கிற தண்ணீருக்கு எண்ணெய் தேவையில்லை.”

ராத்தா துரவுப் படியில் நின்று சொன்ன அதே பேச்சு. ஒரு சொல் கூடுதலில்லை, குறைவில்லை. இந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது! முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்த அறிவைத் தன் வாசல்படியோடு நிறுத்தி வைத்திருக்கிறார். அவருடைய மீனுக்கு உயிர் இருந்தது. எங்களுடைய மீன் வெறும் நீலப் புள்ளி. இதை எழுதும்போதும் என் பேனா கடதாசியைக் கிழிக்கிறது.

“எங்கள் துரவுகளிலும் மீன் இருந்தது, ஐயா. எல்லாத் துரவிலும்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையாகவே திகைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். “நீ தந்த படிவம் ஒன்றிலும் அது இல்லையே. ஏன் சொல்லவில்லை?”

அழிறப்பரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஒருமுறை அழித்தார் என்றால் மறுமுறை மையால் எழுதியிருக்கலாமே? தகரத்தைக் கீழே போட்டிருக்கலாமே? அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஊர் செத்துக்கொண்டிருந்தது.

கொயினா கேட்டேன். உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தார். கேட்டவுடன் தந்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அலுமாரிக்குள் இருந்திருக்கிறது.

சூசை நான் கேட்காமலே ஒரு மண் முட்டியில் பொட்டு மீன்களை அள்ளித் தந்தார். “கொண்டு போ தம்பி. அவர் எண்ணிப் பாக்க மாட்டார்.”

கரையில்

மறுநாள் வள்ளம் கரை தட்டியபோது நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்றவர்கள் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார்கள். ஹலீமா விடியும் நேரத்தில் மௌத்தாகிவிட்டாள். அடக்கமும் முடிந்துவிட்டது. மையித்தை வைத்துக் காத்திருப்பது எங்களில் வழக்கமில்லை.

ராத்தா வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் முட்டியுமாக அவள் முன்னால் போய் நின்றேன். என்னைப் பிடித்துத் தள்ளுவாள், மூஞ்சியில் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் போய் நின்றேன்.

“என்னடா அது?”

“கொயினா… மத்தது மீன்.”

முட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். 

“கொயினாவக் கதீஜாட்டக் குடு. அவட சின்னவனுக்குத் திரும்ப நடுக்கம் வந்திருக்கு.”

“ஓம் ராத்தா.”

“மீனையும் அவட தொரவுல உடு. அங்க நாலு புள்ளயள் இருக்கு.”

“உன்ட தொரவுக்கு ரெண்டாவது…”

“இங்க ஆருக்கு?”

 பெண்களில் ஒருத்தி விம்மினாள். ராத்தா அழவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கன்று நடுவதற்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

“மேலால கொட்டாத. முட்டியத் தண்ணிக்குள்ள அமத்தி, அதுகளா வெளிய வர உடு. இல்லாட்டிச் செத்துப்போகும். போ, சுணங்காத.”

போனேன். அவள் சொன்னபடியே செய்தேன். கதீஜாவின் சின்னவன் பிழைத்துக்கொண்டான்.

ராத்தா அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் இருந்தாள். தெருவில் போகிறவனையும் வருகிறவனையும் ஏசினாள், மச்சானை ஏசினாள், வேலி பாய்ந்த ஆட்டை ஏசினாள். என்னை மட்டும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்க வேண்டும்.